பூச்சிக்காளையின் விந்துத் தரம் குறைந்துவிட்டது, தேற்ற என்ன வழி?

மயிலைக்காளை (வெள்ளகோவில் பக்கம்) கேட்டது:

வணக்கம். எங்கள் தோட்டத்தில் ஒரு காங்கேயம் பூச்சிக்காளை (மாடு சேர்க்க விடும் பொலிகாளை) நிற்கிறது. நல்ல மயிலை (சாம்பல் நிறம்), 4 வயது முடிந்துவிட்டது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் கன்றாகப் பிடித்து வந்து அப்பா வளர்த்தது. சுற்றுவட்டாரத்தில் கொறங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) வைத்திருப்பவர்கள் மாட்டை ஓட்டி வந்து சேர்த்துவிட்டுப் போவார்கள். போன தை வரைக்கும் ஒரு தடவை சேர்த்தால் சினை நின்றுவிடும் என்று பெயர் எடுத்த காளை.

சித்திரை பிறந்ததும் இதற்குத் தோல் கழலை நோய் வந்தது. உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பி, நல்ல காய்ச்சல். ஒரு வாரம் தீனியைத் தொடவில்லை. வைத்தியம் பார்த்துத் தேறிவிட்டது. மாதப் பாதியில் மறுபடி மாடு சேர்க்க ஆரம்பித்தோம். இப்போது வைகாசி பாதி தாண்டிவிட்டது, சேர்த்த மாடுகளில் பாதிக்கு மேல் சினை நிற்காமல் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகின்றன.

இதன் விந்தை எடுத்து உறையவைத்து இந்த வம்சத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அதனால் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரை வைத்து விந்து எடுத்துப் பார்த்தோம். நகரும் அணுக்கள் 40 சதவீதம்தான் என்றார். வால் மடங்கியவை நிறைய இருக்கின்றன, கழுத்தருகே சின்னத் துளி ஒட்டிக்கொண்டிருப்பவையும் இருக்கின்றன என்றார். உறையவைக்கும் தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்.

தீனி: ஊறவைத்து ஆட்டிய பருத்திக்கொட்டை தினமும் 3 கிலோ, கொஞ்சம் தவிடு, சோளத்தட்டு. பசுந்தீவனம் இந்தக் கோடையில் இல்லை. பகலில் தகரக் கொட்டகையில் கட்டுகிறோம். ஒருவர் தினம் 10 முட்டை ஊற்றச் சொல்கிறார், ஒருவர் உளுந்து வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகும் என்கிறார். எதைச் செய்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஓசூரார் எழுதியது:

தம்பி, முதலில் அந்த ஹார்மோன் ஊசியைப் போடவே போடாதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம் என்று சொல்லும் அளவுக்கு அது முக்கியம். வெளியில் இருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால், உடம்பில் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை நினைத்துக்கொள்ளும். விதைகளுக்குப் போகும் உத்தரவை நிறுத்திவிடும். காளை மாட்டின் மேல் ஏறும் வேகம் கூடலாம், ஆனால் உள்ளே விந்தணு உற்பத்தி படுத்துவிடும்.

நான் உறைவிந்து நிலைய ஆய்வகத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். காளை வளர்ப்பவர்களிடம் ஓயாமல் சொல்லி வந்தது ஒன்றுதான். இன்று கண்ணாடிச் சில்லில் பார்க்கும் விந்து, இரண்டு மாதத்துக்கு முன்பே உருவாகத் தொடங்கியது. காளையின் விதைக்குள் ஒரு விந்தணு உருவாகி முடிய 61 நாள் ஆகும். அப்புறம் விதையை ஒட்டியிருக்கும் சுருள் குழாயில் ஊர்ந்து வந்து முதிர்ச்சி அடைய இன்னும் ஒரு வாரம், பத்து நாள். இடையில் ஒரு நல்ல காய்ச்சல் வந்தால், அந்த நேரத்தில் எந்தெந்த நிலையில் அணுக்கள் இருந்தனவோ அத்தனையும் அடிபடும். காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விடும், அதன் தழும்பு விந்தில் இரண்டு மாதம் வரைக்கும் தெரியும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். சித்திரை ஆரம்பத்தில் காய்ச்சல், வைகாசி பாதியில் பரிசோதனை. ஆறேழு வாரம்தான் ஆகிறது. சரியாக மோசமாக இருக்க வேண்டிய நேரத்தில்தான் எடுத்திருக்கிறீர்கள். டாக்டர் சொன்ன அந்தக் கழுத்துத் துளி, அணு முதிர்வதற்குள் வெளியே வந்துவிட்டதற்கான அடையாளம். வால் மடங்குவதும் சூட்டில் அடிபட்ட காளைகளில் அடிக்கடி பார்ப்பதுதான். இந்த ஒரு முடிவை வைத்துக் காளையைக் கழித்துவிட வேண்டாம்.

விதைகள் ஏன் உடம்புக்கு வெளியே தொங்குகின்றன? உள்சூட்டைவிட 2 முதல் 6 டிகிரி குறைவாக இருந்தால்தான் அங்கே விந்தணு நன்றாக உருவாகும். வெயிலில் பை நீண்டு தொங்குவதும் குளிரில் சுருங்கி மேலே ஏறுவதும் அதற்காகத்தான். மேலே இருந்து இறங்கும் சூடான ரத்தத்தைக் கீழே இருந்து திரும்பும் ரத்தம் குளிர்விக்கிற மாதிரி ரத்தக்குழாய்ப் பின்னல் ஒன்றும் இருக்கிறது. இத்தனை ஏற்பாடும் செய்திருக்கிற ஒரு பிராணியைச் சித்திரை வெயிலில் தகரத்துக்கு அடியில் கட்டினால் என்ன ஆகும்? தகரத்தை மாற்ற முடியாவிட்டால் மேலே தென்னங்கீற்று பரப்புங்கள், மத்தியானம் தண்ணீர் தெளியுங்கள். அதைவிட நல்லது, கொறங்காட்டில் வெள்வேல மரத்து நிழலில் கட்டிவிடுவது. காற்றோட்டமும் இருக்கும், நடக்கவும் செய்யும். ஒரே இடத்தில் நின்று கொழுத்த காளைக்கு விதைப்பையின் கழுத்தில் கொழுப்பு சேர்ந்து அதுவே சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேளைக்குத் தீனி வைத்துப் பளபளவென்று வளர்த்த காளையின் விந்து ஏன் மட்டமாக இருக்கிறது என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

இப்போது பருத்திக்கொட்டை. நம் ஊரில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, பருத்திக்கொட்டை இல்லாமல் மாடு வளர்ப்பா என்பார்கள். கறவை மாட்டுக்கு அளவாக வைப்பதில் குற்றம் இல்லை. ஆனால் அதில் காசிப்பால் என்ற நச்சு இருக்கிறது. மாட்டின் பெருவயிறு அதில் ஒரு பகுதியை முறித்துவிடுகிறது, மீதி ரத்தத்துக்குப் போகிறது. அது விந்தணுவின் நடுப்பகுதியில், வாலை ஆட்டுவதற்குச் சக்தி தரும் இடத்தில், கை வைக்கும். பொலிகாளைக்குத் தினம் 3 கிலோ என்பது எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். பதிலாகப் பூசணம் பிடிக்காத கடலைப் புண்ணாக்கு, உடைத்த சோளம் அல்லது கம்பு, தவிடு என்று 2 அல்லது 2.5 கிலோ கலப்புத் தீவனம் போதும். நிறுத்திய பிறகும் பலன் தெரிய அதே இரண்டு மாதக் கணக்குதான்.

பசுந்தீவனம் இல்லாததும் ஒரு குறை. காய்ந்த தட்டு மட்டும் தின்னும் காளைக்கு வைட்டமின் ஏ வற்றிப்போகும், விதைக்குள் அணு உருவாகும் படலம் அதில் கெடும். கிணற்றடியில் நாலு பாத்தி கோ-4 புல், ஓரத்தில் அகத்தி, வேலிமசால் என்று போட்டால்கூட ஒரு காளைக்குப் போதும். கூடவே தாது உப்புக் கலவை தினம் 50 கிராம். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கலவையே கிடைக்கிறது. துத்தநாகம், செம்பு எல்லாம் அதில் வந்துவிடும். செலினியத்தைத் தனியாக வாங்கி ஊற்றாதீர்கள், தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு.

முட்டையைப் பற்றிக் கேட்டீர்கள். முட்டையின் மஞ்சள் கரு உண்மையாகவே காளை விந்தைக் காப்பாற்றும். ஆனால் காளையின் வாய் வழியாகப் போய் அல்ல. நிலையத்தில் விந்தை நீர்க்கச் செய்யும் கரைசலில் 20 சதவீத அளவுக்கு மஞ்சள் கரு சேர்ப்போம். அணுவின் மேல்தோல் குளிரில் வெடிக்காமல் அது பார்த்துக்கொள்ளும். கூடவே 6, 7 சதவீதம் கிளிசரால். 1949-ல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தில் கிளிசராலின் குணத்தைக் கண்டுபிடித்ததால்தான் உறைவிந்து என்ற தொழிலே வந்தது. காளைக்கு ஊற்றும் பத்து முட்டை பெருவயிற்றில் மற்றத் தீனியோடு சேர்ந்து நொதித்துப்போகும். அந்தக் காசுக்குப் பசுந்தீவனம் வாங்குங்கள். உளுந்தும் புரதம்தான், கெடுதல் இல்லை, மாயமும் இல்லை.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். விந்து எடுத்தபோது எத்தனை நாள் ஓய்வில் இருந்தது? எப்படி எடுத்தீர்கள்? இதைத் தெரிந்துகொள்ளாமல் 40 சதவீதத்தை நான் நம்ப மாட்டேன்.

சினைஊசிக்காரன் (தர்மபுரி) எழுதியது:

ஓசூரார் ஐயா சொன்னதற்கு மேல் காளையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நான் ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போடுபவன். மறுமுனையில் நடப்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் நாளைக்கு இந்தக் காளையின் விந்து குச்சியாக (உறைவிந்து அடைத்த மெல்லிய குழல்) வந்தாலும் கடைசியில் எங்கள் கையில்தான் வரும்.

நிலையத்தில் பாடுபட்டுக் காப்பாற்றிய விந்தை, குச்சிகளை வைத்திருக்கும் திரவ நைட்ரஜன் கேனின் வாயிலேயே கொன்றுவிடலாம். உள்ளே மைனஸ் 196 டிகிரி. குச்சி தேடும்போது, குச்சிகள் அடுக்கிய கூண்டைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு நம்பர் படித்தால், எடுக்காத குச்சிகளும் சூடு கண்டுவிடும். திரும்ப இறக்கினால் உறையும், ஆனால் செத்தது பிழைக்காது. வெளியே பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. கழுத்துக்குக் கீழேயே வைத்து, இடுக்கியால் சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும். எங்கே எந்தக் காளை இருக்கிறது என்று கேனின் மூடியில் எழுதி ஒட்டிவிட்டால் தேடவே வேண்டாம்.

அடுத்தது உருக்குவது. 37 டிகிரித் தண்ணீரில் 30 விநாடி. சட்டைப் பையில் வைத்து உருக்குவது, உள்ளங்கையில் உருட்டுவது, குழாய்த் தண்ணீரில் போடுவது எல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன தெர்மாமீட்டரும் பிளாஸ்குத் தண்ணீரும் இருந்தால் போதும். வெளியே எடுத்ததும் குச்சியை நன்றாகத் துடைக்க வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போனாலும் அணுக்கள் செத்துவிடும். மார்கழியில் எங்கள் பக்கம் அதிகாலை ஊசிக்குப் போனால் சினை ஊசித் துப்பாக்கியின் குழலை அக்குளில் வைத்துச் சூடேற்றிவிட்டுத்தான் குச்சியைச் செருகுவேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. நாட்டுக் காளைகளின் குச்சி, ஜெர்சிக் குச்சி இரண்டுமே ஒரே அளவு விந்துதானே? சில காளைகளின் குச்சிக்கு மட்டும் எங்கள் அனுபவத்தில் சினை நன்றாக நிற்கிறது. ஏன்?

ஓசூரார் எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. அளவு ஒன்றுதான். 0.25 மி.லி. குச்சி, உள்ளே 2 கோடி அணு, உருக்கிய பிறகு அதில் பாதியாவது முன்னோக்கி ஓட வேண்டும். இது மத்திய அரசின் குறைந்தபட்சத் தர நெறிமுறை. உறையவைப்பதற்கு முன்னாலேயே ஒரு மி.லி.க்கு 50 கோடி அணுவும் 70 சதவீத ஓட்டமும் இல்லாவிட்டால் அந்த விந்தை அங்கேயே கொட்டிவிட வேண்டும். நல்ல காளை ஒரு தடவைக்கு 6 மி.லி. கொடுத்து, மி.லி.க்கு 100 கோடி இருந்தால் 600 கோடி. 2 கோடியாகப் பிரித்தால் 300 குச்சி. ஒரு தடவை எடுத்த விந்து 300 வீடுகளுக்குப் போகிறது என்பதால்தான் கொட்டத் தயங்கக் கூடாது என்பேன்.

ஆனால் ஓட்டம் மட்டும் சினை ஆகாது. 50 சதவீதம் ஓடுகிற இரண்டு குச்சியை எடுத்து 37 டிகிரியில் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். ஒன்று அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், இன்னொன்று ஓய்ந்துபோகும். அணுவின் தலையில் ஒரு தொப்பி இருக்கிறது, முட்டையைத் துளைக்கும் நொதி அதற்குள் இருக்கிறது. உறையும்போது தொப்பி கழன்றுவிட்டால் அணு எவ்வளவு ஓடினாலும் பயன் இல்லை. அதனால்தான் சாயம் போட்டுத் தொப்பி பார்ப்பது, செறிவு குறைந்த உப்புக் கரைசலில் போட்டு வால் சுருளுகிறதா என்று பார்ப்பது எல்லாம் வைத்திருக்கிறோம். அந்தக் கரைசலில் வால் சுருண்டால் மேல்தோல் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

உறைவதைத் தாங்குவது காளைக்குக் காளை மாறும். எடுத்தவுடன் சுழி சுழியாகக் கொதிக்கிற விந்து, உருக்கிப் பார்த்தால் 30 சதவீதம்கூட ஓடாது. கலப்பினக் காளைகளில் இந்தத் தொல்லை அதிகம், கழித்துக்கட்டுவதும் அதிகம். நேரில் மாடு சேர்த்தால் சினையாக்கும் காளையின் விந்து உறையவைக்கத் தாங்காமலும் போகலாம். மயிலைக்காளைத் தம்பியும் அப்பாவிடம் இதை இப்போதே சொல்லி வைப்பது நல்லது.

ஆரணி கறவை எழுதியது:

ஐயா, நான் மூன்று கறவை மாடு வைத்துப் பால் ஊற்றுகிறேன். இதில் ஒரு மாடு பருவத்துக்குப் பருவம் ஊசி போட்டும் நிற்கவே இல்லை. விந்து சரியில்லை என்று நான் சொல்கிறேன், மாடு சரியில்லை என்று ஊசி போடுபவர் சொல்கிறார். எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓசூரார் எழுதியது:

அம்மா, ஊசி போட்டு முடித்ததும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் நிலையத்தின் குறியீடு, இனம், காளை எண், விந்து எடுத்த தேதி அச்சிட்டிருக்கும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஊரில் மற்றவர்களையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே காளை, ஒரே தேதிக் குச்சி போட்ட பல மாடுகள் நிற்கவில்லை என்றால் அந்த நோட்டைக் கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் காட்டலாம், அதே தொகுதியில் மிச்சக் குச்சியை உருக்கிப் பார்க்கச் சொல்லலாம். மற்ற மாடுகள் எல்லாம் நின்று உங்கள் மாடு மட்டும் நிற்கவில்லை என்றால் விந்தைக் குறை சொல்ல முடியாது.

பருவத்தில் மாடு விடும் கோழை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். கண்ணாடி மாதிரித் தெளிவாகக் கயிறாக இறங்கினால் நல்லது. வெள்ளைத் திட்டு, சீழ் கலந்திருந்தால் கருப்பையில் புண் இருக்கிறது, முதலில் அதற்கு வைத்தியம், ஊசி அடுத்த பருவத்துக்கு. நேரமும் முக்கியம். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் ஆரம்பித்து ஏறக்குறைய 24 முதல் 30 மணி நேரத்தில்தான் முட்டை வெளிவரும். கத்த ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஊசி போட்டால், முட்டை வருவதற்குள் உறைவிந்து ஓய்ந்துபோகும். உறையவைத்த அணுவுக்கு ஆயுள் குறைவு.

மயிலைக்காளை எழுதியது:

ஓசூரார் ஐயா, நீங்கள் கேட்டதற்கு விவரம். மாடுகள் திரும்பக் கத்தியதும் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம், அதனால் விந்து எடுக்கும்போது காளைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஓய்வு. டாக்டர் வந்தது காலை 10 மணிக்கு மேல். பசுவைக் கட்டி வைத்து, காளை ஏறியவுடன் விந்து பிடிக்கும் ரப்பர்க் குழாயில் எடுத்தார். சீசாவைக் காரில் வைத்து அவருடைய கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார், அரை மணி ஆகியிருக்கும்.

பருத்திக்கொட்டையை நேற்றோடு நிறுத்தியாயிற்று. அப்பாவுக்கு மனசே இல்லை, நீங்கள் எழுதியதைப் படித்துக் காட்டிய பிறகு ஒத்துக்கொண்டார். பகலில் கொறங்காட்டில் கட்டுகிறோம். விதைகள் இரண்டும் சமமாகத்தான் இருக்கின்றன. துணி அளக்கும் டேப்பை வைத்து அளந்ததில் சுற்றளவு 34 செ.மீ. வந்தது. அழுத்தினால் வலி இருப்பதாகத் தெரியவில்லை.

ஓசூரார் எழுதியது:

34 செ.மீ. என்பது நல்ல செய்தி. ஐரோப்பிய இனங்களுக்கே 2 வயதுக்கு மேல் 34 இருந்தால் போதும் என்று வைத்திருக்கிறார்கள், நாட்டுக் காளைக்கு இது தாராளம். இரண்டும் சமமாக, இறுக்கமாக, உள்ளே இங்கும் அங்கும் நழுவுகிற மாதிரி இருந்தால் நோய் நிரந்தரமாகக் கெடுக்கவில்லை என்று நம்பலாம். தோல் கழலை நோயில் சில காளைகளுக்கு விதையே வீங்கி, பிறகு சுருங்கிக் கல்லாகிப்போகும். உங்களுக்கு அப்படி ஆகவில்லை.

விந்து எடுத்த விதத்தில் மூன்று இடத்தில் எனக்குக் குறை படுகிறது. டாக்டரைச் சொல்லவில்லை, வெளியூர்த் தோட்டத்தில் அவ்வளவுதான் முடியும்.

இரண்டு வாரம் ஓய்வில் இருந்த காளையின் விதையை ஒட்டிய சுருள் குழாயில் பழைய அணுக்கள் தேங்கிச் செத்துக் கிடக்கும். முதல் தடவை எடுப்பதில் அதுதான் வரும். அடுத்த தடவை பார்க்கும்போது முதல் விந்தைக் கணக்கில் எடுக்காமல் ஒதுக்கிவிட்டு, ஓரிரு நாள் விட்டு இரண்டாவது, மூன்றாவது தடவை எடுத்ததைப் பார்க்கச் சொல்லுங்கள். நிலையத்தில் காளைக்கு வாரம் இரண்டு நாள் என்று ஒழுங்காக எடுத்துக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

காளை ஏறியவுடன் எடுத்துவிடக் கூடாது. ஏறவிட்டு, இறக்கி, கொஞ்சம் நிறுத்திவைத்து, மறுபடி ஏறவிட்டு இறக்கி, அதன் பிறகுதான் எடுக்க வேண்டும். இந்தப் பொறுமைக்கு அணு எண்ணிக்கை நன்றாகக் கூடும். மருந்தும் வேண்டாம், செலவும் இல்லை. நேரம் காலை 7 மணிக்குள். விந்து பிடிக்கும் ரப்பர்க் குழாயின் உள்சூடு 42 முதல் 45 டிகிரி இருக்க வேண்டும். குறைந்தால் காளை விந்து விடாது, கூடினால் அடுத்த தடவை குழாயைக் கண்டாலே மிரளும். முந்தின நாளே முன்தோல் நுனியில் உள்ள முடியை இரண்டு செ.மீ. விட்டு வெட்டிவிடுங்கள், அழுக்கும் சிறுநீரும் விந்தில் சொட்டுவது அந்த முடியில் இருந்துதான்.

மூன்றாவது, குளிர்ச்சி. உடம்புச் சூட்டில் வெளியே வந்த விந்து அரை மணி நேரம் ஏ.சி. காரில் ஒரு வெறும் சீசாவில் போயிருந்தால் அதிர்ச்சியில் வால் மடங்கிவிடும். அது காளையின் குறையா, காரின் குறையா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. பிளாஸ்கில் 35 டிகிரித் தண்ணீர் எடுத்து வந்து, சீசாவை அதில் நிறுத்தி, வெளிச்சம் படாமல் துணி சுற்றி, கையோடு கொண்டுவந்த மைக்ரோஸ்கோப்பில் தோட்டத்திலேயே பார்ப்பது நல்லது. கண்ணாடிச் சில்லும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். நிறம் லேசாக மஞ்சளாக இருந்தால் பயப்படாதீர்கள், சில காளைகளுக்கு இயல்பே அப்படித்தான். மூத்திர வாடை அடித்தால் மட்டும் கொட்டிவிடுங்கள்.

எப்போது பார்ப்பது? ஆடி முடியட்டும். காய்ச்சலில் இருந்து மூன்று மாதம் தாண்டியிருக்கும், பருத்திக்கொட்டை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருக்கும். உங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடித்து வெக்கையும் தணிந்திருக்கும். அதுவரை ஒரு மாட்டையும் சேர்க்காதீர்கள். சினை நிற்காது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. தோல் கழலை நோய்க் கிருமி, காளை தேறிய பிறகும் பல வாரம் விந்தில் வரும்.

காத்திருக்கும் நேரத்தில் செய்ய வேலை இருக்கிறது. பல ஊர் மாடுகளோடு சேர்ந்த காளை இது. புருசெல்லா (கன்று வீசும் நோய்), காசநோய் உட்பட எல்லாப் பரிசோதனையும் செய்யாமல் எந்த நிலையமும் இதன் விந்தை உள்ளே விடாது. முன்தோல் கழுவிய நீரையும் சோதிப்பார்கள். கன்று வீசும் நோய் இருந்தால் விந்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் கதை அதோடு முடிந்தது, மனிதர்களுக்கும் தொற்றும். ஆகவே இந்த வாரமே ரத்த மாதிரி எடுத்துக் கொடுங்கள்.

வீட்டில் நைட்ரஜன் கேன் வாங்கி நாமே உறையவைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2019-ல் தமிழ்நாட்டில் மாட்டினப் பெருக்கத்துக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. உறைவிந்து தயாரிக்கப் பதிவு பெற்ற நிலையம் வேண்டும். கால்நடை மேம்பாட்டு முகமைக்கு ஊட்டி, ஓசூர், ஈச்சங்கோட்டை மூன்று இடத்தில் நிலையங்கள் இருக்கின்றன. காங்கேயம் மாதிரி நாட்டு இனத்தில் நல்ல காளை இருக்கிறது என்றால் உங்கள் மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அலுவலகம் வழியாக எழுதிக் கேட்கலாம். தாய் மாட்டின் பால் விவரம், தகப்பன் காளை எது, கன்றுகளின் படங்கள் என்று கையில் இருப்பதை எல்லாம் சேர்த்து வையுங்கள், கேட்பார்கள்.

மயிலைக்காளை எழுதியது:

ரொம்ப நன்றிங்க ஐயா. ரத்தம் எடுக்க நாளைக்கு டாக்டர் வருகிறார். தாய் மாடு விற்றவருடைய பட்டியிலேயே இன்னும் இருக்கிறது, பால் அளந்து எழுதித் தரச் சொல்லியிருக்கிறோம். ஒரே ஒரு சந்தேகம். ஆடிக்குப் பிறகும் ஓட்டம் 50, 55 என்று நின்றால்?

ஓசூரார் எழுதியது:

உறையவைக்க ஆகாது, ஆனால் தோட்டத்தில் மாடு சேர்க்க ஆகும். நேரில் சேர்க்கும்போது ஒரு தடவைக்கு நூற்றுக்கணக்கான கோடி அணு போகிறது, பாதி ஓடினாலே மிச்சம். ரத்தப் பரிசோதனை சுத்தமாக வந்திருக்க வேண்டும், அது மட்டும் நிபந்தனை. அப்புறம் இதன் மகன்களில் தாய் வழியில் நல்ல பால் உள்ள ஒன்றிரண்டை இப்போதே காயடிக்காமல் ஒதுக்கி வையுங்கள். தகரத்துக்கு அடியில் கட்டாமல், பருத்திக்கொட்டை காட்டாமல் வளர்த்து, ஒன்றரை இரண்டு வயதில் விதைச் சுற்றளவை அளந்து எனக்கு எழுதுங்கள்.